டிஷ்யூ பொட்டலம்

உட்லண்ட்ஸ். உயர்நிலை மூன்று.
மதியம் இரண்டே கால்.
"ஒரு டிஷ்யூ பொட்டலத்தை
எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?
மூன்று நிமிடம்."
நெகிழ்ந்து சிந்திப்பதை
நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள்.

திருத்துவது என் வேலை, இரவில்.
மதிப்பெண் விதிப்புத்தகம்
பனி பெய்யும் ஏதோ ஊரில் அச்சானது:
'இருக்கை பிடித்து வைக்க' என்றால்
அரிய விடை, முழுதாய் மூன்று புள்ளி.

முப்பத்தெட்டுத் தாள்களில்
முப்பத்தேழின் முதல் வரி அதுதான்.
உணவங்காடி மேசையில்
பொட்டலத்தை எறிந்துவிட்டு
மீ சியாம் வரிசைக்கு ஓடியே
வளர்ந்த பிள்ளைகள்.
விதிப்படி
வகுப்பு முழுக்க மேதைகள்.

சுஹைலா மட்டும்
ஒரே வரி எழுதியிருந்தாள்:
'மூக்குச் சிந்த. எனக்குச் சளி.'

எல்லாருக்கும் தோன்றும் விடை, பூஜ்யம்
என்கிறது புத்தகம்.
இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே.
தாளின் ஓரம்
நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது.

மூன்று போட்டேன்.
அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதும்போது
எனக்கே தும்மல்.
பையைத் துழாவினேன், இல்லை.
மதியம் இடம் பிடிக்க வைத்த பொட்டலம்
இன்னும் அந்த மேசையில்தான்
இருக்க வேண்டும்,
யாரும் உட்காராமல்.