மூன்று செட்

மஞ்சக்குப்பம் கோர்ட் எதிரே
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
பட்டா, வாரிசுச் சான்று, விவாகரத்து மனு,
இன்சூரன்ஸுக்கு யாருடைய வயிற்று ஸ்கேனோ, மூன்று செட்.
பதினெட்டு வருஷமாக எடுத்துக் கொடுக்கிறேன்.
உள்ளே என்ன என்று பார்த்ததில்லை.
பொய். எல்லாம் பார்த்திருக்கிறேன்.

நின்றுபோன வருஷம்
மெஷின் சூடா நான் சூடா என்று தெரியவில்லை.
மார்கழியிலும் ஃபேனைக் கழுத்துக்கு நேரே திருப்பிவைத்தேன்.
ராத்திரி மூன்று மணிக்குத் தலையணை ஈரம்.
பாக்கிச் சில்லறை கேட்ட வக்கீல் குமாஸ்தாவை
ஸ்டேப்ளரால் அடிக்கப் போனேன்.
"பித்தம் தலைக்கேறிடுச்சு இவளுக்கு" என்றார் தனபூபதி.
சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார், பாவம்.

அப்புறம் அந்த மாத்திரை,
மிளகைவிடச் சின்னது. ஈஸ்ட்ரோஜன். துணைக்கு இன்னொன்று.
மூன்றாம் வாரம் தூங்கினேன்.
ஐப்பசியில் கெடிலம் வந்த மாதிரி, கரை தெரியாத தூக்கம்.
குமாஸ்தாவுக்கு ஒரு செட் இலவசம்.
என் முன்னால் யாரும் அந்த மாத்திரையைத் திட்டக் கூடாது.

ஒன்றரை வருஷம் கழித்து
முதுநகரிலிருந்து வந்த கொடுவாயை
எண்ணெய் மிதக்க வறுத்துத் தின்ற இரவு
வலது விலாவுக்குக் கீழே யாரோ
பஞ்சிங் மெஷினை வைத்து அழுத்தினார்கள்.
வலி முதுகேறித் தோள்பட்டையில் உட்கார்ந்தது.
வாயு என்றார். பெருங்காயம் என்றார்.
அந்த மாதத்திலேயே நாலு தடவை.

பாண்டிச்சேரி பஸ்ஸில், கன்னியக்கோயில் தாண்டும்போது
பிராந்திக் கடை போர்டுகளை எண்ணிக்கொண்டு போனேன்.
டாக்டர் ஃபிலோமினா திரையைத் திருப்பிக் காட்டினார்.
கறுப்பாக ஒரு பை. அடியில் வெள்ளையாய் மூன்று.
ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக நிழல்.
வெயிலே படாத இடத்தில் நிழல்!

"முழுங்கின மாத்திரை முதல்ல ஈரலுக்குப் போகுது.
ஈரல் பித்தநீர்ல கொழுப்பைக் கூடுதலாக் கலக்குது.
சிலபேருக்குப் படிஞ்சு கல்லாயிடும்."
"அப்போ மாத்திரைதான் காரணமா?"
"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா.
வயசு இருக்கு, வெயிட் இருக்கு.
அது பின்னாலேருந்து தள்ளிவிட்டிருக்கலாம்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள்.
எனக்குப் பிள்ளை இல்லை.
பித்தையும் கல்லையும் ஒரே பையில் போட்டு
நானே சுமந்திருக்கிறேன்.

பையை எடுத்துவிட்டார்கள்.
நாலு துளை, ஃபைலில் கோக்கலாம் என்னை.
கற்களை டப்பாவில் போட்டுத் தந்தார்கள்.
தனபூபதி அதைக் கல்லாவில் வைத்திருக்கிறார்,
ஒரு ரூபாய்க் காசுகளுக்குப் பக்கத்தில். ஏன் என்று கேட்கவில்லை.

மாத்திரை நின்றது. மறுபடி சூடு.
இப்போது கையில் தடவுகிற ஜெல்.
தோல் வழியாகவே இறங்கிவிடுமாம்,
முதலில் ஈரல் வாசலை மிதிக்காமல்.
காயும்வரை யாரையும் தொடக் கூடாது.
காலையில் ஐந்து நிமிஷம்
கையைத் தூக்கியபடி நிற்கிறேன், கடைக்குள்,
சரணடைந்தவள் மாதிரி.

நேற்று ஒருத்தி ஸ்கேன் நீட்டினாள், மூன்று செட்.
முந்தானையால் விசிறிக்கொண்டே நின்றாள்.
படத்தைப் பார்க்கவில்லை.
ஃபேனை அவள் பக்கம் திருப்பினேன்.