ஒன்றும் கெடவில்லை

முசே கனபாதி அதை மழைக்கோட்டில் சுற்றித் தூக்கி வந்தார்.
நனைந்திருந்தது அவர் மட்டும்.
க்யூர்பிப்பில் மழை பெய்வது செய்தியல்ல.
பதினாறு கிலோ ஆம்ப்ளிஃபயர்,
ஜப்பான், எழுபத்தெட்டாம் வருஷம்.
"ஒன்றும் கெடவில்லை. சும்மா ஒரு சர்வீஸ்."

நான் பயப்படும் வாக்கியம் அது.
செத்ததைக் கொண்டுவருகிறவர்கள்
என்னிடம் அதிகம் எதிர்பார்ப்பதில்லை.
புகைந்தது, வெடித்தது, ஒரு பக்கம் ஊமை:
நான் எதைச் செய்தாலும் லாபம்.
பாடிக்கொண்டிருப்பதைக் கொண்டுவருகிறவர்
அது இனியும் பாடவேண்டிய பொறுப்பைச்
சேர்த்துக் கவுண்டரில் இறக்கிவைக்கிறார்.

தமிழில் பழுது பார்க்கிறோம்.
பழுதில்லாததைப் பார்ப்பதற்கு
என்ன சொல் வைத்திருக்கிறோம் என்று
கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த
என் அரைத் தமிழில் தேடினேன்.
கைக்கு அகப்படவில்லை.

எட்டுத் திருகாணி. மூடி.
உள்ளே சாம்பல் பூஞ்சை,
பல்லி முட்டை ஓடு இரண்டு,
எனக்கு முன்னால் திறந்த எவனோ
முட்டுக்கொடுத்த தீக்குச்சி.
தூரிகையால் தள்ளினேன்.
வால்யூம் குமிழின் அடியில் மருந்து தெளித்து
முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினேன்,
கரகரப்பு போகும்வரை.
ரிலேயின் கரிந்த உதடுகளைக் காகிதத்தால் துடைத்தேன்.
உப்பத் தொடங்கிய கப்பாசிட்டர் இரண்டை மாற்றினேன்.
இதுவரை சர்வீஸ்.

இடதுபக்கம் இருபத்துநாலு மில்லிவோல்ட்.
வலதுபக்கம் முப்பத்தொன்று.
கணக்குப்படி இருபத்தைந்து.
அந்த முப்பத்தொன்றோடு அது எத்தனை வருஷம் ஓடியதோ,
யாருக்கும் தெரியாமல், யாருக்கும் நோகாமல்.
இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.
கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

சுண்டுவிரல் நகம் அளவு ட்ரிம்மர்.
திருப்புளி நுனி பட்டது,
கால் சுற்றுகூட இல்லை,
உள்ளே ஏதோ நமுக்காத பிஸ்கட் மாதிரி
நொறுங்கியது.
டப்.
வலதுபக்க டிரான்சிஸ்டர் இரண்டும் போயின.
ஃப்யூஸ் பிறகு போயிற்று, மரியாதைக்கு.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி
ஒரு பெண்ணாம், க்யூர்பிப்பில் கடை வைத்திருக்கிறாளாம்.
பலகையில்
மர்தேமுத்து எலெக்ட்ரோனிக் என்று எழுதியிருக்கும்.

திறக்காமல் விட்டிருந்தால்
அடுத்த வாரமே எரிந்திருக்கலாம்.
பத்து வருஷம் ஓடியிருக்கவும் கூடும்.
இரண்டையும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு
ஐந்து ராத்திரி உட்கார்ந்தேன்.
மேசையடியில் கிடக்கும் பிணமொன்றிலிருந்து
ஒரு ஜோடியைப் பிடுங்கி, அளந்து, பற்றவைத்து,
சுவருக்கும் அதற்கும் நடுவில்
அறுபது வாட் பல்பு ஒன்றைக் கோத்துச்
சுவிட்சைப் போட்டேன்.
பல்பு எரிந்தபடியே நின்றால் உள்ளே இன்னும் சாவு.
எரிந்தது.
எரிந்தது.
பிறகு, கேட்ட கதையை நம்பிவிட்டவன் முகம்போல்
மெல்ல மங்கியது.

வந்தவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.
கோபத்துக்கு முகத்தைத் தயார் செய்திருந்தேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
வக்வாவில் ஒருவன் வாங்கக் காத்திருக்கிறானாம்.
"ரசீதில் ரெவிசே என்று போடு பெண்ணே,
ரெபாரே என்று போட்டுவிடாதே.
சர்வீஸ் செய்ததற்குப் பதினாலாயிரம் தருவான்,
ரிப்பேர் ஆனதென்றால் பத்து."

இரண்டெழுத்து வித்தியாசம்.
எழுத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்.
எந்தப் புலவருக்கும் கிடைக்காத கூலி.

எழுதினேன்:
ரெவிசே, ஆயிரத்து இருநூறு.
அதன் கீழே:
ரெபாரே, சுழி.

சுழியில் விரலை வைத்து
"இது எதற்கு?" என்றார்.
"அது என்னுடையது."

வாசலில் நின்று
அந்தக் கீழ்வரியை மட்டும்
நேராக, பொறுமையாகக் கிழித்தார்.
மழைக்கோட்டை அதற்குப் போர்த்தினார்.
கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.

அவர் கார் திரும்பிய பிறகு பார்த்தேன்,
மேசையில் ஒரு திருகாணி.
எட்டில் ஒன்று.
எந்தக் கணக்கில் எழுத?