இருபது ரூபாய்ப் பத்திரம்

வியாழன் மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும்.
திருவள்ளூர் தாண்டி ஒரு கல்லூரி,
சிவில், மூன்றாம் சுற்று,
பட்டியலை நிரப்ப பதினேழாவதாக எழுதிய பெயர்.
அம்மாவின் வளையல் இரண்டும்
பெரம்பூர் நெடுஞ்சாலை அடகுக் கடைக்கு
செவ்வாய்க்கிழமையே போய்விட்டன.
எனக்கு முன்னால்
அவற்றுக்கு அட்மிஷன் ஆகிவிட்டது.

டிடி எடுக்க வரிசையில் நின்றபோதுதான் வந்தது.
யோசித்து வரவில்லை,
தும்மல் மாதிரி:
இந்த வருஷம் வேண்டாம்.

முன்னால் ஆறு பேர். ஆறு பேரும் நகர்ந்தார்கள்.
நான் நகரவில்லை.
"போம்மா" என்றார் பின்னால் நின்றவர்.

புதன்கிழமை
தஸ்லீமாவும் அவள் அண்ணனும் பாரிமுனை போனார்கள்,
கூடப் போனேன்.
மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் விட்டவன் அவன்.
விட்ட வருஷத்துக்குப் பத்திரம் வேண்டுமாம்.
ஆர்மீனியன் தெரு முனை, நீலக் குடை,
டைப் அடிக்கிற அக்கா வாய்க்குள் படித்தபடியே அடித்தாள்:
மேற்படி காலத்தில் நான்
எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை என்றும்
எந்தக் குற்றச் செயலிலும் ஈடுபடவில்லை என்றும்...

படிக்காததற்கு
அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறது குற்றம்.

"காரணமே இல்லாம விட்டா என்னக்கா அடிப்பீங்க?"
யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.
விரல் நிற்கவில்லை.
"சும்மான்னு அடிக்க முடியாதும்மா.
வயித்துவலின்னு அடிப்பேன். எல்லாரும் ஒத்துப்பாங்க."

பஸ்ஸில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும்
வயிற்றுவலியை ஒத்திகை பார்த்தேன். வரவில்லை.
களைப்பா?
நாலரைக்கு எழுந்து டியூஷன் போனது
தெருவில் எல்லாப் பிள்ளைகளும்தான்.
கனவா?
பாட்டோ ஓவியமோ எனக்குள் எதுவும் கதவைத் தட்டவில்லை.
பரீட்சையில் தெரியாத கேள்விக்கு
அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போவேன்.
அந்த அரைப் பக்கத்தைப் பற்றி
இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.
டேங்க் நிரம்பும்வரை வண்டி நிற்கத்தானே வேண்டும் என்று
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.
ரசத்தை ஊற்றிக்கொண்டு,
"கட்டின ஆயிரம் ரூபா திரும்ப வருமா?" என்றார்.
வராது.
"சரி" என்றார்.
எதற்குச் சரி என்று நானும் கேட்கவில்லை.

அம்மா பேசவே இல்லை.
கேஸ் புத்தகத்துக்குள்ளிருந்து அடகு ரசீதை எடுத்துப் பார்த்து
மறுபடி அங்கேயே வைத்தாள்.
வட்டி நடக்கத் தொடங்கியிருந்தது.
அதற்கு விடுப்பு வருஷம் கிடையாது.

வியாழன், நாலு ஐம்பத்திரண்டு.
வியாசர்பாடி பிரவுசிங் சென்டர்.
மவுஸில் கை வைத்தபடி குலசேகரன் அண்ணன்,
"சேர்றியா, மேல பாக்குறியா, வேணாமா?
சீக்கிரம் சொல்லு, கரண்ட் போற மாதிரி இருக்கு."
திரையில் மூன்று வட்டம்.
மூன்றாவதை விரலால் தொட்டேன்.
கண்ணாடியில் ரேகை பதிந்தது.
அதைத் துடைக்காமலே அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது.
எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல்
படுத்தே கிடந்தேன்.
பயமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏழு மணிக்கு ஆவடிச் சித்தி, ஸ்பீக்கரில்:
"பொண்ணு என்ன பண்றா?"
அம்மா என்னைப் பார்த்தாள்.
வயிற்றுவலி, காமாலை, மேற்படி காலம்,
எல்லாமே அவள் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

"இங்கதான் இருக்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம்,
"இருக்கிறவ
அந்த சிலிண்டரை உருட்டி உள்ள வை."