இரவுப் பணிக் குறிப்பேடு

புக்கிட் பாத்தோக்கில் மூன்றாம் நாள் மழை.
கார் நிறுத்துமிடத்தின் பின்னால் குன்று.
குன்றைத் தாங்கும் சுவர்.
சுவர் நெடுக நீர் ஒழுகும் துளைகள்.
எதிரே என் காவல் கூண்டு.

நேற்றிரவு படிக்கட்டு விரிசலில்
ஈசி-லிங்க் அட்டையின் ஓரம் நுழைந்தது.
இன்று பத்து மணிக்கு
என் சுண்டுவிரல்.
அப்படியே எழுதி வைத்தேன்.
அலுவலகத்தில் சொன்னார்கள்:
"நாளைக்கு ஆள் அனுப்புறோம், திலகவதி."

ஒன்றேகாலுக்கு
தெளிந்து ஓடிய வடிகால் தே நிறத்துக்கு மாறியது.
பிறகு அந்தத் துளைகள்.
வெளியே மழை கொட்டுகிறது,
ஒன்று விடாமல் அத்தனையும் வறண்டு நிற்கின்றன.
அழுத பிள்ளை சட்டென்று ஓய்ந்தால்
அடுப்பை விட்டு ஓடுவோமே,
அப்படி ஓடினேன்,
குறிப்பேட்டை மழைச்சட்டைக்குள் செருகிக்கொண்டு,
குடிமைத் தற்காப்புப் படைக்கு
மூச்சிரைக்க முகவரி சொல்லிக்கொண்டு.

சுவரை ஒட்டிய தொகுதியில் ஆறு வீடுகள்.
காரை எடுக்காதீர்கள். பின்பக்கம் வேண்டாம்.
பக்கவாட்டில், கூடைப்பந்துத் திடலைத் தாண்டி
வாசல் மேட்டுக்கு.
நான்காம் வீட்டுக் கதவு திறக்கவில்லை.
நிலை கோணி இறுகியிருந்தது.
அவர்கள் இழுக்க, நான் உதைக்க,
என் காலணி ஒன்று அங்கேயே போயிற்று.
ரொஹாயா அக்கா
பூனையைத் தலையணை உறையில் போட்டுத் தூக்கிவந்தார்.

அப்புறம்
லாரியே இல்லாமல்
ஒரு லாரி ஜல்லி கொட்டியது.
மரங்கள் நின்ற வாக்கிலேயே
கீழே நடந்து வந்தன.

தலைகளை எண்ணினேன். பதினேழு.
கை நடுங்கியதால் மறுபடி எண்ணினேன்.
பதினேழு, ஒரு பூனை.

எரிவாயு வாடை.
யாரோ சிகரெட் எடுக்க,
அக்கா அவர் கையிலிருந்து பிடுங்கினார்.
"பாத்தோக்னா இருமல்னு சொல்வாங்க" என்றார் என்னிடம்.
இருமல் எப்போது
ஒன்றோடு நின்றிருக்கிறது?

மூன்றேமுக்காலுக்கு மழை விட்டது.
செங் ஹுவாட் சாவியோடு கிளம்பினார்.
வேன் நிறையக் காலைச் சந்தைக்கான மீன்.
"ரெண்டே நிமிஷம் லா."
சாய்ந்த விளக்குக் கம்பத்தைக் காட்டினேன்,
நீரில் கிடந்த கம்பியைக் காட்டினேன்.
அவர் மீனைத்தான் பார்த்தார்.
குறுக்கே நின்றேன்.
நான் நாலடி பதினொன்று,
அதிலும் ஒற்றைக் காலணி.
வேலை போய்விடும் என்றார்,
வயது தெரியாமல் பேசுகிறாய் என்றார்,
குடையைத் தட்டிவிட்டார்.
நின்றேன்.
படையினர் வந்து நாடா கட்டும்வரை.

விடிந்தது. குன்று அதன்பின் அசையவேயில்லை.
பொறியாளர்கள் நீலத் தார்ப்பாய் விரித்தார்கள்.
சரியென்று சொல்லும்வரை
யாரும் திரும்பக் கூடாது என்றார்கள்.
காற்றில் மீன் கெட்ட வாடை.
"பாத்தியா, ஒண்ணுமே நடக்கல"
என்றார் செங் ஹுவாட்.
ஆமாம்.
அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்,
நனைந்த தாளில், மெதுவாக:
நான்கு மணி முதல் ஏழு மணி வரை
ஒன்றும் நடக்கவில்லை.

புகார் எழுதப் பேனா கேட்டார்.
முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் கொடுத்தேன்.