பாதை திரும்பியது

எங்களூரில் பாதை என்றால் நகர்வது.
இரும்புத் தகடு, மிதக்கும் பீப்பா, இருமுகிற ஒரு மோட்டார்.
குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்கலாம்,
சைக்கிளோடு, நெல்மூடையோடு,
ஒருதரம் சினைப்பசுவோடு.
வெளியூர்க்காரர் சிரிப்பார்கள்:
பாதையில் போவோம், பாதையே போகுமா?

கதிர்காமத்தம்பி அதை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார்.
அவர் முருகன் கோயில்.
மனைவி நேசரெத்தினம் எங்கள் சபை.
ஞாயிறுகளில் அவளைக் கல்லாற்றுக்கு ஏற்றிவந்து
மதிலுக்கு வெளியே நிற்பார்,
பிரசங்கம் முடியும்வரை, பீடி முடியும்வரை.
பீடிதான் முதலில் முடியும்.

மாசியில் நான் பிரசங்கித்தேன்:
மீட்பு என்பது அடகு மீட்பது.
தவணை உண்டு. தவணை தப்பினால் ஏலம்.
உதாரணம் எனக்கே பிடித்திருந்தது,
வீட்டுக்கு வந்தும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
அப்போது நேசரெத்தினத்தின் தோடு
அவருடைய மருந்துக்காக வங்கியில் கிடந்தது.
எனக்குத் தெரியாது.

பங்குனியில் அவர் போனார்.
போன கிழமை, கேற்றடியில், வெறுங்காதோடு கேட்டாள்:
“சொல்லுங்ககா, அவரு கரையேறுவாரா?”
ஜெபிப்போம் என்றேன்.
பதில் இல்லாதபோது நாங்கள் சொல்வது அது.

நாளைக்கு அவருக்கு முப்பத்தொன்று,
அவருடைய முறைப்படியே செய்கிறாள்.
முதல்நாளே வரச் சொல்லியிருந்தாள்.
கடைசிப் பாதையில் ஏறினேன்.
மேற்கே மழை கறுத்து நின்றது.

நடு ஆற்றில் மோட்டார் தணிந்தது.
விட்டுவந்த கரையில் ஒரு வெளிச்சம்
அணைந்தும் எரிந்தும்.
“ஏன் தம்பி, நேரம் போகுது”
முதலில் சொன்னது நான்தான்.
மருதமுனைச் சாரன் வியாபாரி ஆதம்லெவ்வை
மஃரிபுக்கு மணி பார்த்தார்.
ரீச்சர் ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.
நாங்கள் பன்னிரண்டு பேர்,
ஏறிவிட்டவர்கள், நனையாதவர்கள்,
வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள்,
இதில் ஒத்துப்போனோம்:
அடுத்த பாதையில் வரட்டும்.

“அடுத்த பாதை இல்ல அன்ரி” என்றான் சுதன்.
“கதிராமண்ணன் எண்டா திருப்புவார்.
ஆர் எண்டும் கேக்கமாட்டார்.”

ஆற்றுவாழை உரசப் பாதை திரும்பியது.

வழி நானே என்ற அந்த வார்த்தையை
எத்தனை பேருக்கு எதிரே பிடித்திருக்கிறேன்!
சாவடிகளில் வளர்ந்தவள் நான்.
வழி என்றதும் குறுக்குத்தடி போட்டேன்,
அடையாள அட்டை கேட்டேன்.
அது சாவடியில் சொன்னதல்ல.
இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, கதவடைத்த அறையில்,
பயந்துபோயிருந்த சிநேகிதரைத் தேற்றச் சொன்னது.
இந்த ஆற்றங்கரையில் பிறந்த எனக்கு
எப்படித் தெரியாமல் போனது,
பாதை என்றால்
நிற்கும் கரைக்கு வந்து ஏற்றிக்கொள்வதென்று?

ஒற்றை ஆட்டைத் தேடிப் போனவரைப் பாடுகிறோம்.
மற்றத் தொண்ணூற்றொன்பதும்
என்ன முணுமுணுத்தன என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
எனக்கு இப்போது தெரியும்.

ஏறியவன் குடித்திருந்தான்.
ஒரு போத்தல் மண்ணெண்ணெய்,
சாகக் கிடந்த கைபேசி.
நன்றி சொல்லவில்லை.
ஆதம்லெவ்வை சாரன் கட்டை நகர்த்தி இடம் விட்டார்.
மழை எல்லோர் மேலும் பெய்தது.

மண்டூரில் சுதன் தலை எண்ணினான்.
பதின்மூன்று.

நேசரெத்தினம் துவாய் தந்தாள்.
தவணையைப் பற்றி நான் பேசவில்லை,
அவளும் கேட்கவில்லை.
“பாதை பிந்திட்டு” என்றேன்.
“திரும்பினதா?”
“ஓம்.”

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என் கோப்பையில்
இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.