கைப்பிடி

யாச்சிகாஷிரா, கடைசி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கியதும் கைப்பிடியைக் கழற்றுவேன்.
பித்தளையில் என் உள்ளங்கைச் சூடு இன்னும் ஒட்டியிருக்கும்.
பதினான்கு எட்டு நடந்தால் ட்ராமின் மறுமுனை.
வழியில் இருக்கை இருக்கையாக விரல் நீட்டி
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்:
"குடை இல்லை. பை இல்லை. தூங்குபவர் இல்லை. சரி."
அங்கே கைப்பிடியைப் பொருத்தினால்
பின்பக்கம் முன்பக்கமாகிவிடும்.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒருநாளும் இதில் நான் தடுமாறியதில்லை.

வீட்டில்தான்.

மேசைமேல் ஒரு பதில் அட்டை.
அனுப்பியவள் ஒரிஹாரா மினே,
பள்ளிக் கைப்பந்து அணிக்கு அன்றைய தலைவி.
வருகிறேன், வரவில்லை:
ஒன்றை வட்டமிட வேண்டும்.
கீழே ஒரே ஒரு வரிக்கு இடம்: இப்போது எப்படி?
மார்ச்சில் வந்தது.
நாளை கெடு.

இதற்குள் நான் செய்து முடித்தவை ஏராளம்.
கெட்டிலின் அடிக்கரியைச் சுரண்டினேன்.
பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தேன்.
பக்கத்து வீட்டு நிஷிகோரியின் சைக்கிள் மணிக்கு
அவர் கேட்காமலே எண்ணெய் போட்டேன்.
என் சோம்பல் மிகச் சுறுசுறுப்பானது.

நேற்று, வண்டியில் செய்வதை வீட்டில் செய்து பார்த்தேன்.
வெள்ளைக் கையுறைகூட மாட்டிக்கொண்டேன்.
விரல் நீட்டி, "அட்டை!" என்றேன்.
விரலுக்கும் அட்டைக்கும் நடுவே
கெட்டில் இருந்தது.
அரைமணி நேரம் அதுதான் பளபளத்தது.

இன்றிரவுதான் உறைத்தது:
ஆள் மட்டும் நடந்து வந்திருக்கிறேன்,
கைப்பிடி பழைய முனையிலேயே கிடக்கிறது.

எனவே தொட்டியருகே நின்று
முடிந்ததை முதலில் சொன்னேன், உரக்க.
"கெட்டில், முடிந்தது.
அடுப்பு, அணைத்தாயிற்று.
பொத்தான்..."
பொத்தான் முடியவில்லை. பச்சை பாக்கி.
"பாக்கி இருக்கட்டும். சரி."
அந்தச் சரியைச் சொல்லத்தான் எவ்வளவு நேரம்!

ஈரத்துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு
வெறுங்கையோடு ஆறு எட்டு.
தூங்குபவர் இல்லை என்று சொல்லப் போனேன்;
ஒருத்தி இருந்தாள்.
பதினேழு வயது. கடைசிப் பந்தை வலையில் அடித்துவிட்டு
முப்பத்தொன்பது வருடமாக
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருப்பவள்.
"கடைசி நிறுத்தம், அம்மா" என்றேன்,
எல்லாரிடமும் சொல்கிற குரலிலேயே.
இறங்கினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அட்டையை எழுத வேண்டாம்,
பேனா மூடியை மட்டும் திற, என்று எனக்குள் பேரம்.
திறந்தேன்.
திறந்த பேனா காய்ந்துவிடுமே என்று,
என் பெயரோடு அவர்கள் அச்சிட்ட மரியாதை எழுத்தை
முறைப்படி இரட்டைக் கோடிட்டு அடித்தேன்.
தனக்குத் தானே மரியாதை தரக்கூடாதாம்.
அடித்த கை அப்படியே அடுத்த வரிக்கு நகர்ந்தது:
"ஹகோதாதேயில் ட்ராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளத்தில் பனி உறைந்தால் தொந்தரவு. மற்றபடி"
இடம் தீர்ந்துவிட்டது.

வட்டம் மட்டும் போடவில்லை.
பத்தே முக்காலுக்குச் செருப்பை மாட்டினேன்.
தெருமுனையில் தபால்பெட்டி, சிவப்பாக.
விரல் நீட்டினேன்.
அதன் தலையிலேயே அட்டையை வைத்து
வட்டமிட்டேன், கோணலாக.
எதை என்று ஒரிஹாரா பார்த்துக்கொள்வாள்.

உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.
"சரி" என்றேன்.
ஒரு சைக்கிள், மணியடிக்காமல்,
என்னைக் கடந்து போயிற்று.