மூன்று கிழமைக்கு முந்தியது

பேர்ண் பெரியாஸ்பத்திரி, ஏழாம் மாடி.
மழை விட்டுக் கொஞ்ச நேரம்.
யன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது.
இரண்டு மொழிக்கு நடுவில் உட்கார்ந்திருக்க
எனக்குக் கால் மணித்தியாலக் கணக்கில் கூலி.

டொக்டர் ஸ்க்ராகன் சொன்ன சொல்லுக்கு
என் கையேட்டில் உள்ளது 'குருதிநாளப் புடைப்பு'.
சொன்னேன்.
தவநேசன் தலையாட்டினார்,
மந்திரம் விளங்காத மாப்பிள்ளை
ஐயரைப் பார்த்து ஆட்டுகிற ஆட்டு.
'நாடி வீங்கியிருக்கு' என்றேன்.
'அப்ப எண்ணெய் பூசினால் வத்துமோ?'
பகிடியா, கேள்வியா, தெரியவில்லை.
எதையும் விடாமல் பெயர்க்கவேண்டும் என்பது விதி.
பெயர்த்தேன்.
டொக்டர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே, பச்சைத் துணியில் சுற்றி,
அவருடைய பெருநாடி.

கீழே நிலவறையில் ஒரு யந்திரம்
இரவு முழுக்க விழித்திருந்து
இழைமேல் இழையாய் அடுக்கியதாம்.
ஸ்கானில் கண்ட அதே அளவு.
வெட்டிப்போட்ட நகத்தின் நிறம்.
மேலே கைத்தடிப் பிடிபோல் வளைவு,
கீழே இரண்டாய்ப் பிரியும் கவர்,
இடையில்
முட்டை விழுங்கிய சாரைப்பாம்பு.

கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கினார்.
பிரசாதம் வாங்குகிறவர் போல என்று எழுத வருகிறது.
இல்லை. உதிரிப்பாகம் வாங்குகிறவர் போல.
பஸ் டிப்போவில் ரயர் பகுதி, இருபத்திரண்டு வருசம்.

வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
பெருவிரலால் வீக்கத்தைச் சுற்றி வந்தார், ஒருமுறை,
திரும்ப எதிர்ப்பக்கமாக.
நகம் இழைகளில் கிர்ரென்றது.

'பக்கச்சுவர் விட்டிட்டுது' என்றார்.
'உள்நூல் அறுந்தால் ரயர் இப்பிடித்தான் பிதுங்கும்.
இதோட ஒரு பஸ்ஸையும் நான்
கேற்றுக்கு வெளியால விட்டதில்லை.'

அதை ஜெர்மனில் சொன்னேன்.
டொக்டர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார், மெதுவாக.
பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

இனி என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.
'இது எப்ப எடுத்த அளவு?'
மார்ச் நாலாம் தேதி.
விரல் மடக்கி எண்ணினார்.
'அப்ப இது மூண்டு கிழமைக்கு முந்தினது.
இப்ப உள்ளுக்க இருக்கிறது
எவ்வளவு?'

பெயர்த்தேன்.
பிறகு பெயர்க்க ஒன்றும் வரவில்லை.
தாழ்வாரத்தில் சக்கரக் கட்டில் ஒன்று போனது,
அதன் ஒரு சில்லு மட்டும் கீச்சிட்டது.
அதையும் அவர் கவனித்தார்.
இந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூலி.

'தெரியாது' என்றார் டொக்டர்.
'அதனால்தான் செவ்வாய்க்கிழமை.'

என் வாயில் 'பயப்பிடாதேங்கோ' தயாராய் நின்றது.
யாரும் சொல்லாத சொல். விழுங்கினேன்.
தந்தது: தெரியாது, அதனால்தான் செவ்வாய்க்கிழமை.

'செவ்வாயோ...' என்று இழுத்தார்.
என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார்.
நாளை உறுதிப்படுத்துகிறார் என்றேன்.
அன்றைக்கு நான் விட்ட ஒரே பிழை.

ஒப்புதல் படிவம், ஆறு பக்கம்.
ஒவ்வொரு பக்கமாய் நான் வாசித்து முடிய
யன்னல் காற்றுக்குத் தாள் எழும்பிப் படபடத்தது.
நான் கை நீட்ட முதல்
அவர் அந்தப் பெருநாடியை எடுத்து
தாளின் தலைமாட்டில் வைத்தார்.
இன்னும் ஆடியது.
கொஞ்சம் நகர்த்தி,
வீங்கிய இடம் நுனியில் படும்படி வைத்தார்.
அடங்கியது.

பிறகு
பேனை கேட்டு வாங்கி
கையெழுத்து வைத்தார். அதன் வால் நீண்டு
பாம்பின் வயிற்றடிக்குள் போனது.